காதில் விழாத பதில்

மேஜை மணியின் அந்த ஒற்றை ‘டிங்’ இத்தனை வருஷம் கழித்தும் எனக்குக் கேட்கிறது.

அடித்தது அண்ணிக்காரி. அடித்துவிட்டு வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

குடியிருப்புச் சங்கம் நடத்திய வினாடி வினா. வீட்டுக்கு இருவர்; எங்கள் பக்கத்து வீட்டிலிருந்து அண்ணியும் நாத்தனாரும். கடைசிக் கேள்வி வரை இரண்டு வீடுகள் சமநிலை. மணி அடித்தவர்கள் மணல் கடிகாரம் தீர்வதற்குள் பதில் சொல்லாவிட்டால் தோல்வி.

“தசையைக் குறிக்கும் மசில் என்கிற ஆங்கில வார்த்தை பிறந்த லத்தீன் சொல்லுக்கு என்ன பொருள்?”

அதுவரை பதிலையெல்லாம் நாத்தனார்தான் அண்ணியின் காதில் ஓதினாள். அகராதியைக் கதைப்புத்தகம் போலப் படிக்கிற பெண். ஆனால் பேச்சு திக்கும். மறுவாரம் ஆசிரியை வேலைக்கு நேர்காணல். நாலு பேர் முன்னால் பேச வராது, போகப் போவதில்லை என்று சொல்லிவிட்டாள். அண்ணியோ மைக்கில் கணீரென்று சொல்லிக் கைதட்டல் வாங்கிக்கொண்டிருந்தாள்.

இப்போதும் நாத்தனார் காதருகே குனிந்தாள். அண்ணி உதட்டைப் பிதுக்கினாள்.

“காதுல விழல. நீயே சொல்லிடு.” மைக்கை அவள் பக்கம் நகர்த்தினாள்.

முன்வரிசையில் நாத்தனாரின் அப்பா பல்லைக் கடித்தார். பேர் வாங்குவதெல்லாம் இவள், மானம் போகும்போது மட்டும் என் பெண்ணா என்று பக்கத்திலிருந்த என்னிடம் பொருமினார்.

“சு... சு...”

பின்வரிசையில் ஒருவன் அதேபோல் இழுத்துக் காட்டினான். சிரிப்பு. மணல் இறங்கிக்கொண்டே இருந்தது.

அவள் நிறுத்தினாள். மூச்சை இழுத்துவிட்டு, முழங்கையை மடக்கிப் புஜத்தைக் காட்டினாள்.

“சு... சுண்டெலி. கையை மடக்கினா தோலுக்கடியில சுண்டெலி ஓ... ஓடற மாதிரி இருக்குல்ல? அதான் அந்தப் பேரு.”

கூடமே எழுந்து நின்று கைதட்டியது, இழுத்துக் காட்டியவனும் சேர்த்து.

மேடையிலிருந்து இறங்கிய மருமகளை அப்பா விடவில்லை. “காதுல பஞ்சா வெச்சிருக்கே? அவளுக்கு வராமப் போயிருந்தா?”

“தோத்திருப்போம், மாமா.”

அதற்குள் கூட்டத்திலிருந்து ஒரு பெண் ஓடிவந்தாள். மருமகள் பாடம் எடுக்கும் பிசியோதெரபி கல்லூரியில் படிப்பவளாம்.

“என்ன மேடம், வருஷா வருஷம் முதல் வகுப்புல நீங்க சொல்ற அதே எலிக் கதை. அதையா மறந்துட்டீங்க?”

மருமகள் அவள் கையைக் கிள்ளினாள்.

நாத்தனார் நேர்காணலுக்குப் போனாள். ஓய்வு பெறும் நாள் வரை திக்கித் திக்கியே ஆங்கிலம் நடத்தினாள்.