கைக்குத் தெரிந்த கனம்

மூடியைத் திறந்ததும் கருகல் வாடை அடித்தது.

அவர் ஓர் எட்டுப் பின்னால் போய், மறுபடி முன்னால் வந்து நின்றார்.

மேசைமேல் கிடந்தது செங்கல் அளவுக்கு ஒரு தகரப் பெட்டி. கம்ப்யூட்டருக்குள் உட்கார்ந்துகொண்டு எல்லாவற்றுக்கும் கரண்டைப் பிரித்துக் கொடுப்பது அதுதான். எஸ்.எம்.பி.எஸ். என்பார்கள். பொங்கல் கழித்து அவரே கடைக்குப் போய் வாங்கிவந்தது.

"போர்டு போச்சு. ஹார்ட் டிஸ்க்கும் போச்சுண்ணே," என்றான் மெக்கானிக் சகாயம். "தான் செத்ததும் இல்லாம, கூட இருந்ததையும் கூட்டிக்கிட்டுப் போயிருக்கு."

"உள்ள இருந்ததெல்லாம்?"

"உள்ளன்னா?"

"எம் மக போட்டு வச்ச பிளானு. வீட்டு பிளானு. நாளைக்கு இன்ஜினியருக்குக் குடுத்தாகணும் தம்பி."

சகாயம் உதட்டைப் பிதுக்கினான்.

புருஷனை விட்டுக் கைக்குழந்தையோடு வந்தவள் வினோதினி. பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டே அந்தக் கம்ப்யூட்டரில்தான் கோடு இழுப்பாள். இந்த ஒரு வேலையை ஒழுங்காக முடித்துக் கொடுத்தால், மாசாமாசம் வேலை தருவதாக இன்ஜினியர் சொல்லியிருந்தார். முடித்தும்விட்டாள். நேற்று சாயங்காலம்தான். இன்று காலை சுவிட்சைப் போட்டதும் டப்பென்று அணைந்துபோனது.

சகாயம் திருப்புளியை உள்ளே விட்டு எதையோ நெம்பினான். பொட்டென்று மேசையில் விழுந்தது.

சாம்பல் நிறக் கட்டி.

"என்ன தம்பி இது?"

"சிமெண்ட்டு."

"சிமெண்ட்டா? எதுக்கு?"

"வீடு கட்டவா? கனத்துக்குத்தாண்ணே. கையில தூக்கிப் பாத்து வாங்குற மகராசனுங்க இருக்காங்கல்ல, அவங்களுக்குன்னே ஒட்டி அனுப்புறானுங்க."

சொல்லிவிட்டுச் சிரித்தான்.

அவரும் கொஞ்சம் சிரித்தார்.

கடையில் இரண்டு பெட்டி எடுத்து வைத்தார்கள் அன்றைக்கு. ஒன்று வினோதினி சொல்லிவிட்டது. நாள் கணக்காகப் போனைப் பார்த்து, வாங்கினவர்கள் எழுதியதையெல்லாம் படித்து, அவள் பொறுக்கியெடுத்தது. "இதுதாம்ப்பா. வேற எதக் குடுத்தாலும் வேணாம்னு வந்துருங்க."

அவர் கைக்கு ஒன்றாகத் தூக்கிப் பார்த்தார்.

காந்தி மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிற கை. சாக்கைத் தொட்டாலே சரக்குக் குறைவா நிறைவா என்று சொல்லிவிடும். மகள் கேட்டது சப்பென்று இருந்தது. மற்றது கல்மாதிரி இறங்கியது. விலையும் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

பிள்ளையை யாரோ ஏய்க்கப் பார்க்கிறார்கள் என்று நினைத்தார்.

வாங்கினவர்கள் எழுதியதைப் பார்க்கச் சொல்லிக் கடைக்காரர் போனை நீட்டினார். மகள் கேட்டதற்குக் கீழே பத்தி பத்தியாக இங்கிலீஷ். மற்றதற்குக் கீழே தமிழ். அஞ்சு நட்சத்திரம்.

நாற்பதைத் தாண்டி, மூட்டை தூக்குகிறவர்கள் சங்கத்துக் கொட்டகையில் உட்கார்ந்து அ, ஆ படித்தவர் அவர். யாரையும் கேட்கவில்லை. விரலை வைத்து, எழுத்துக் கூட்டி, அவரே படித்தார்.

நல்ல கனம். நல்ல பொருள். நம்பி வாங்கலாம்.

தானே படித்து ஒரு சாமானை வாங்கியது அதுதான் முதல்தடவை.

கம்ப்யூட்டரையும் கையோடு கொண்டுபோயிருந்ததால் அங்கேயே மாட்டி மூடிக் கொடுத்தார்கள். வீட்டில் வினோதினி சுவிட்சைப் போட்டாள். எரிந்தது. அப்பா வாங்கிவந்ததைத் திறந்து பார்க்க அவளுக்கு என்ன இருக்கிறது?

"தம்பி, இதுக்குக் கீழ நல்லாத்தானே எழுதியிருந்தாங்க?"

"யாரு?"

"வாங்கினவங்க. போன்ல."

"அடப் போங்கண்ணே. கூலிக்கு ஆள் வச்சு எழுதுறது அது. எழுதினவன் இந்தப் பெட்டியக் கண்ணாலகூடப் பாத்திருக்க மாட்டான்."

அவர் அந்தக் கட்டியைத் தொட்டுப் பார்த்தார். விரலில் கரி ஒட்டியது.

போன் அடித்தது.

"அப்பா, என்ன சொல்றாரு?"

"பாத்துக்கிட்டிருக்காரும்மா."

"பிளானு வந்துருமா?"

அவர் சகாயத்தைப் பார்த்தார். அவன் கையை விரித்தான்.

"வராதுன்னு சொல்றாரும்மா."

அந்தப் பக்கம் குழந்தை சிணுங்கியது.

"எதுனால போச்சாம்?"

"அந்த எஸ்.எம்.பி.எஸ்.ஸாலதானாம்."

"நான் சொன்னதுதானேப்பா வாங்குனீங்க?"

சுவரில் காலண்டர் தொங்கியது. அதில் இருந்த தேதியை அவர் படித்தார். கிழமையைப் படித்தார்.

"ஆமாம்மா."

அவள் மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

"அவ்வளவு படிச்சுத்தானேப்பா சொன்னேன். அதுலயும் கோட்டை விட்டுட்டேன் பாருங்க. ஆளையும் பாத்து எடுக்கத் தெரியல, பொருளையும் பாத்து எடுக்கத் தெரியல எனக்கு."

அவர் வாயைத் திறந்தார்.

"நீங்க என்ன பண்ணுவீங்க, நான் சொன்னதத்தானே வாங்கியாந்தீங்க. அந்தப் பெட்டியக் கொண்டாங்கப்பா. கம்பெனில மாத்தித் தருவானான்னு கேட்டுப் பாக்குறேன். வெயில்ல அலையாதீங்க, எதாச்சும் சாப்பிட்டு வாங்க."

வைத்துவிட்டாள்.

சகாயம் பெட்டியைக் குப்பைக் கூடைப் பக்கம் தள்ளினான். "இத என்ன செய்ய? இங்கயே போட்டுரட்டுமாண்ணே?"

"இல்ல. குடு."

வாங்கித் திருப்பினார். பக்கவாட்டில் கம்பெனி பேர் ஒட்டியிருந்தது. இங்கிலீஷில்.

அவருக்கு அதைப் படிக்கத் தெரியாது. மகளுக்குத் தெரியும்.

ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கட்டைவிரல் நகத்தால் அந்த ஸ்டிக்கரின் ஓரத்தைச் சுரண்டத் தொடங்கினார்.

முழுசாக உரியவில்லை. ஒவ்வோர் எழுத்தாகத்தான் வந்தது.