சத்தம் பார்த்து வாங்குதல்

பாரிஸ் லா சப்பல் தமிழ்க் கடைவாசலில் மாசி மாதத்து வெயில் சூடில்லாமல் கிடக்கிறது. கடைக்காரன் ஐங்கரன் கயிற்றை இழுத்ததும் சிவப்பு ஜெனரேற்றர் நடைபாதை அதிர இரைகிறது. புகை எதிர்க்கடை வாழைக்குலைகள்வரை போய்க் கலைகிறது. "கறண்ட் போனால் ஃபிரிட்ஜ், ஹீற்றர் எல்லாத்துக்கும் இது காணும், அக்கா. ஆனால் வீட்டுக்கு வெளியிலை, முற்றத்திலைதான் வைக்கவேணும். புகை ஆளைக் கொல்லும்." வாங்க வந்த அருள்மலர் கடைக்குள் போய்க் கண்ணாடிக் கதவைச் சாத்துகிறாள். லா கூர்னெவ் வீட்டில் படுத்திருக்கும் புருசனுக்குப் போன் எடுத்து, ஸ்பீக்கரில் போட்டு, மிக்சிப் பெட்டிகளின் மேல் வைக்கிறாள். "கதையாதேங்கோ. போனை உங்கடை ஒக்சிசன் மெசினுக்குப் பக்கத்திலை வையுங்கோ." போனிலிருந்து ஒன்றும் கேட்கவில்லை, வெளி இரைச்சல்தான் கண்ணாடியில் நடுங்குகிறது. வேண்டாமென்று கையசைக்கிறாள். ஐங்கரன் அதை நிறுத்திவிட்டு, விலை கூடிய சின்ன ஜெனரேற்றரின் கயிற்றை இழுக்கிறான். அது முணுமுணுக்கிறது. அருள்மலர் குனிந்து போனுக்குக் காதைக் கொடுக்கிறாள். ஸ்ஸ்... டக். ஸ்ஸ்... டக். மெசின் மூச்சு விடுகிறது. ஐங்கரன் கதவைத் திறந்து தலையை நீட்டுகிறான். "இதிலை ஹீற்றர் ஓடாது, அக்கா. இரவு குளிருக்கு என்ன செய்வீங்கள்?" "போத்துக்கொண்டு முழிச்சிருப்பன்," என்கிறாள், போனிலிருந்து காதை எடுக்காமல். "அவரின்ரை மெசின் நிண்டால் எனக்குக் கேக்கவேணும்."