வலிக்காத முழங்கை

"டென்னிஸ் எல்போவா? நீ டென்னிஸ் மட்டையைக் கண்ணால பார்த்திருக்கியா?" என்று கேட்டார் தச்சர், திருப்புளியை இடது கைக்கு மாற்றிக்கொண்டே.

"துணி பிழிஞ்சாலே இந்த முழங்கை வலி வருமாம். இன்னிக்கு கிளினிக்கில ஷாக் வேவ் சிகிச்சை கொடுக்கிறாங்க" என்றாள் மனைவி.

வலிக்கிறது என்றவள் காலையில் அதே கையால் ஒரு வாளித் தண்ணீரை அலாக்காகத் தூக்கியதை அவர் பார்த்திருந்தார். எங்கேயோ இடித்தது. கையும் களவுமாகப் பிடிக்க, வேலையைப் பாதியில் போட்டுவிட்டு அவளோடு கிளம்பினார்.

கிளினிக்கில் தெரபிஸ்ட் அம்மாள் கருவியின் முனையை அவள் முழங்கையில் வைத்ததும் 'டக் டக்' என்று அதிர்ந்தது. மனைவியோ பஸ்ஸில் ஜன்னல் சீட் கிடைத்தவள் மாதிரி உட்கார்ந்திருந்தாள்.

"வலிக்கலையா?" என்றார் தச்சர்.

"இல்லையே."

"வலி இருக்கிற இடத்துல பட்டா சுள்ளுனு இருக்கும் சார்" என்றாள் தெரபிஸ்ட்.

"அப்போ இவ நடிக்கிறா! எனக்கு வெச்சுப் பாருங்க. நானும் இப்படித்தான் உட்கார்ந்திருப்பேன்." வீறாப்பில் சட்டையை மடித்து வலது கையை நீட்டினார்.

முனை பட்டதுதான் தாமதம், "ஐயோ!" என்று நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார்.

தெரபிஸ்ட் கருவியை நிறுத்திவிட்டு மனைவியைப் பார்த்துச் சிரித்தாள். "நீங்க சொன்னது சரிதாங்க. வலது கையேதான்."

"நடிச்சேன்தான், என்ன பண்றது?" மனைவி அவரைப் பிடித்து உட்கார வைத்தாள். "உங்க கை வலிக்கு வைத்தியம் பார்க்க வாங்கன்னு மாசக்கணக்கா கெஞ்சினேன், ஒண்ணுமில்லன்னு வரவே இல்ல. சந்தேகம்னதும் வேலையைப் போட்டுட்டு ஓடி வந்துட்டீங்களே!"