ஏழு பொட்டுகள்

மொத்தம் ஏழு. விரலால் தடவித் தடவி எண்ணினாள்.

முதல் நாள் பார்த்தபோது சாஸ் தெறித்துக் காய்ந்திருக்கிறது என்றுதான் நினைத்தாள். சமையல்காரன் வைத்திருந்த லேப்டாப் வேறெப்படி இருக்கும்? பாரிசில் ஓட்டல் வேலை பார்க்கும் அவள் கணவன் நான்கு வருடம் பயன்படுத்தியது. எனக்கு இனிமேல் வேண்டாம், நீ வைத்துக்கொள் என்று காரைக்காலுக்குக் கொடுத்து விட்டிருந்தான்.

கீபோர்டு பிரெஞ்சு. க்யூ இருக்க வேண்டிய இடத்தில் ஏ. இசட்டின் இடத்தில் டபிள்யூ. பள்ளிக்கூட அலுவலகத்தில் அவள் தினமும் தட்டுகிற கீபோர்டு வேறு, இது வேறு.

செட்டிங்கை ஆங்கிலத்துக்கு மாற்றியாயிற்று. அடித்தால் சரியாகத்தான் விழுந்தது. ஆனால் கண் குனிந்து பார்த்துக் காரியத்தைக் கெடுத்தது. சரி, விசைகளையே பெயர்த்து இடம் மாற்றிவிடலாம் என்று ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஊக்கோடு உட்கார்ந்தாள்.

ஏ டக்கென்று பெயர்ந்து மடியில் விழுந்தது.

அதை எடுத்துத் துடைத்தபோதுதான் தெரிந்தது. சாஸ் இல்லை. நகத்தால் சுரண்டினால் செதிலாக வந்தது.

நெயில் பாலிஷ்.



தவறிச் சொட்டியதும் இல்லை. ஒவ்வொன்றும் விசையின் நட்டநடுவில், கோலப்புள்ளி மாதிரி பார்த்துப் பார்த்து வைத்தது. ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு மூன்று தரம் பூசி, மேடாகும் வரை விடாமல் வைத்திருக்கிறாள் எவளோ.

வைத்திருக்கிறாள். அப்படித்தான் அவளுக்குத் தோன்றியது.

பொட்டு விழுந்த எழுத்துகளைப் பள்ளிக்கூட நோட்டின் பின்பக்கத்தில் எழுதினாள். முன்னும் பின்னுமாக மாற்றிப் போட்டுப் பார்த்தாள். எந்தப் பெண்ணின் பெயரும் தேறவில்லை. எப்படித் தேறும்? ஒரு பொட்டு எண்டரில் இருந்தது. இன்னொன்று ஐந்தாம் எண்ணில்.

நோட்டை மூடினாள். தன்மீதே எரிச்சல் வந்தது.

ஆனால் சந்தேகம் நேற்று முளைத்ததா என்ன?

மூன்று வருடமாக அவளை அழைத்துக்கொள்கிறேன் என்கிறான். காகிதம் இன்னும் வரவில்லை என்கிறான். லீவு இருந்தும் இரண்டு வருடமாக ஊருக்கு வரவில்லை. வீடியோவில் பேசும்போது அவள் முகத்தைப் பார்ப்பதே இல்லை. அவளுக்குப் பின்னால் யாரோ நிற்பதுபோலத் தோளுக்கு மேலே எங்கோ பார்த்துப் பேசுகிறான். மடியில் கனம் இல்லாதவன் ஏன் அப்படிப் பார்க்க வேண்டும்?

திரையிலும் ஒரு கோளாறு. திறந்த அன்று எழுத்துகள் எல்லாம் சினிமா போஸ்டர் அளவுக்குப் பெரிதாக இருந்தன. ஏன் என்று கேட்டதற்கு, படுத்துக்கொண்டே படம் பார்ப்பேன் என்றான்.

தனியாகவா என்று அன்றைக்கே கேட்டிருக்க வேண்டும்.

போதாததற்கு அலோசியஸ். பாரிசில் அவனோடு ஒரே அறையில் இருப்பவர். லேப்டாப்பைக் கொண்டு வந்து கொடுத்தவரும் அவர்தான். காப்பியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து, செருப்பை மாட்டிக்கொண்டே, தரையைப் பார்த்துச் சொன்னார்.

"அண்ணி, எப்படியாச்சும் நீங்க அங்க கிளம்பி வந்துடுங்க. அவன் சொல்றதக் கேட்டுக்கிட்டு இருக்காதீங்க."

வேறென்ன அர்த்தம் அதற்கு?

போனை எடுத்தாள். அங்கே இப்போது மத்தியானம் ஆகியிருக்காது. இன்று அவனுக்கு விடுமுறை. யாரும் பக்கத்தில் இருந்தால் இருக்கட்டும். அதையும் பார்த்துவிடலாம்.

நான்கைந்து தரம் மணி அடித்த பிறகுதான் எடுத்தான். மொட்டைச் சுவர். காலிக் கட்டில். யாரும் இல்லை.

சாப்பிட்டாயா என்றான். பார்வை வழக்கம்போல அவள் தோளுக்கு மேலே.

கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் விசையைப் பிடித்து, பொட்டு அவன் பக்கம் தெரியும்படி போனுக்கு நேராக நீட்டினாள். கேட்டுவிட்டால் திரும்ப எடுக்க முடியாது. ஆமாம் என்று சொல்லிவிட்டால் அதற்கு மேல் இந்த வீட்டில் யாருக்காகக் காத்திருப்பது?

"இது என்னங்க?"

அவன் முகத்தைப் போனுக்கு வெகு அருகில் கொண்டுவந்தான். திரை முழுக்க நெற்றியும் ஒரு கண்ணும் மட்டும்.



மாட்டிக்கொண்டான் என்று நினைத்தாள்.

"கம்மலா?" என்றான். "செகப்புக் கல்லு. உனக்கு எடுப்பா இருக்கு."

அவள் நீட்டிய கையை எடுக்கவில்லை.

திரையின் மூலையில் அவளுடைய சின்னப் படம் தெரிந்தது. வெளிச்சம் நன்றாகத்தான் இருந்தது. கறுப்பு விசை. வெள்ளையில் ஏ. நடுவில் சிவப்பு. காதுக்குப் பக்கத்தில்கூட இல்லை.

இன்னும் அருகே நீட்டினாள்.

அவன் சிரித்தான். ரொம்ப நன்றாக இருக்கிறது என்று திரும்பவும் சொன்னான்.

மெதுவாகக் கையை இறக்கினாள். மறு கையைக் கீபோர்டின் மேல் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு தடவினாள். ஒரு மேடு. கொஞ்சம் தள்ளி இன்னொன்று. அதோ எண்டர்.

"என்ன, சத்தத்தையே காணோம்?"

"ஆமாங்க," என்றாள். "கம்மல்தான்."

கண்ணீரை அவள் துடைக்கவில்லை. முகத்தைத் திருப்பிக்கொள்ளவும் இல்லை. அவனுக்கு நேராகவே உட்கார்ந்து அழுதாள்.

குரல் மட்டும் மாறாமல் பார்த்துக்கொண்டாள்.