நல்லாக் கேக்குது மிஸ்

“கேக்குதா பட்டாணி?”

“நல்லாக் கேக்குது மிஸ்.”

சுவரில் மாட்டியிருந்த பெரிய திரையில், தலையணையில் சாய்ந்தபடி பட்டாணி கட்டை விரலை உயர்த்திக் காட்டினாள். கணக்கு டீச்சருக்கு அப்போதுதான் மூச்சே வந்தது.

ஒன்பதாம் வகுப்பிலேயே உருவத்தில் சின்னவள் என்பதால் அவளுக்கு அந்தப் பெயர். மாடிப்படியில் உருண்டு, காலில் மாவுக்கட்டோடு வீட்டில் கிடக்கிறாள். கட்டுப் பிரித்து நடக்க மூன்று மாதமாகும். அதுவரை பாடம் காதில் விழாவிட்டால், அடுத்த வருடமும் இதே ஒன்பதாவதுதான்.

முந்தாநாள் அவள் அம்மா வந்து கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றபோது, “என் பொறுப்புல விடுங்கம்மா. வீட்ல இருந்தே பாஸ் பண்ணுவா” என்று டீச்சர் வாக்குக் கொடுத்துவிட்டார். கொடுத்த பிறகுதான் யோசித்தார். அவர் வகுப்பில் இருபது வருடமாக ஒரு பிள்ளைகூடத் தூங்கியதில்லை. ஆனால் வகுப்பில் இல்லாத பிள்ளைக்கு எப்படிப் பாடம் எடுப்பது?

தலைமையாசிரியரை விடாமல் நச்சரித்துச் சம்மதிக்க வைத்தார். இங்கே இருப்பவர்களுக்கும் வீட்டில் இருப்பவர்களுக்கும் ஒரே நேரத்தில் பாடம் போக ஒரு கேமரா, ஒரு மைக். ஒரு செட்டுக்கு மேல் பேச்சே கூடாது என்று சொல்லிவிட்டார் தலைமையாசிரியர். அதற்குத்தான் இன்றைக்கு மூன்று கம்பெனிக்காரர்கள் வந்து, மூன்று மூலையில் பெட்டியைத் திறந்து வைத்திருந்தார்கள்.

முதலில் கழுத்தில் டை கட்டியவர்.

“இது கூரையில மாட்டுறது மேடம். உள்ள எட்டு மைக் இருக்கு. நீங்க எந்த மூலைக்குப் போனாலும் உங்க குரல் பின்னாடியே வரும்.”

“கல்யாணமான நாள்லேர்ந்து எங்க வீட்டுக்காரர்கூட அப்படி வந்ததில்ல” என்றார் டீச்சர். வகுப்பே கொல்லென்று சிரித்தது.

மைக்கை ஏமாற்றிப் பார்த்துவிடுவது என்று, டீச்சர் வேண்டுமென்றே கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டு பத்துக் கணக்கு சொன்னார். பட்டாணி பத்துக்குப் பத்து. வகுப்பில் இருந்தவர்கள் விரலை மடக்கிக்கொண்டிருக்கும்போதே அவளிடமிருந்து விடை வந்துவிட்டது.

“பாத்தீங்களா மேடம், துளி தாமதம் இல்ல” என்று டைக்காரர் நெஞ்சை நிமிர்த்தினார்.

ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்த தலைமையாசிரியருக்கும் பேசிப் பார்க்க ஆசை வந்துவிட்டது. கூரையை அண்ணாந்து பார்த்து, “கால் வலி எப்படிம்மா இருக்கு?” என்று மெதுவாகக் கேட்டார்.

பட்டாணி நோட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. டைக்காரரின் முகம் சுண்டிப்போனது. தலைமையாசிரியரோ பூரித்துப் போனார்.

“பாடம் நடக்கும்போது யார் கூப்பிட்டாலும் நிமிர மாட்டேங்குறா பாருங்க. எல்லாம் உங்க வளர்ப்பு டீச்சர்.”

டீச்சர் அடக்கமாகச் சிரித்து வைத்தார்.

அடுத்தவர் ஒல்லியான ஆள். டீச்சரின் புடவைத் தலைப்பில் பொத்தான் அளவு மைக்கைக் குத்திக்கொள்ளச் சொன்னார். ஆள் நடந்தால் தானே திரும்பிப் பின்தொடரும் கேமரா என்றார். அது தண்ணீர் குடிக்க எழுந்த ஒரு நெட்டைப் பையனைப் பின்தொடர்ந்து, வாசல் வரை வழியனுப்பிவிட்டு நின்றது.

“கூட்டத்துல உயரமானவரைப் பிடிச்சுக்கும் மேடம். சரிபண்ணிடலாம்.”

“அப்ப எனக்கு ஒரு முக்காலியும் சேத்துக் குடுத்துடுங்க.”

திரையில் டீச்சரே இல்லை, வெறும் வாசற்படிதான். இருந்தும் பட்டாணி பத்துக்குப் பத்து.

மூன்றாவதாக வந்த பெண், சோப்புப் பெட்டி அளவில் ஒன்றை மேசைமேல் வைத்து, ஒரு வயரைச் செருகினாள்.

“இவ்வளவுதானா?” என்றார் டீச்சர்.

“இவ்வளவுதான் மேடம். விலையும் அவங்களோடதுல மூணுல ஒரு பங்குதான்.”

“வாங்கின மறுநாளே குப்பைக்குத்தான் போகும்” என்று டைக்காரர் ஒல்லி ஆளின் காதில் முணுமுணுத்தார். இந்தத் தடவை டீச்சர் வகுப்பின் கடைசி பெஞ்சுக்கே போய் நின்றுகொண்டு, இருப்பதிலேயே கடினமான பத்துக் கணக்கைச் சொன்னார்.

பத்துக்குப் பத்து.

தலைமையாசிரியர் கையைத் தேய்த்துக்கொண்டார். “மூணும் ஒண்ணுதான்னா யோசிக்க என்ன இருக்கு டீச்சர்? சோப்புப் பெட்டியையே எடுத்துடலாம்.”

“அவசரப்படாதீங்க சார். வகுப்பு சத்தமா இருக்கிற நாளும் வரும், மழை கொட்டுற நாளும் வரும். மூணு மாசம் காதைக் குடுக்கப் போறது அவ. அவ வாயாலயே சொல்லட்டும்.”

மூன்று கம்பெனிக்காரர்களும் திரைக்கு நேரே வந்து நின்றார்கள். ஒருவர் டையைச் சரிசெய்துகொண்டார். டீச்சர் இடுப்பில் கைவைத்துக்கொண்டு கேட்டார்.

“பட்டாணி, யாரு முகத்தையும் பாக்காம உள்ளதைச் சொல்லு. மூணுல எதுல என் குரல் உனக்கு நல்லாக் கேட்டுச்சு?”

பட்டாணி பேனா மூடியைக் கடித்தாள். மாவுக்கட்டைத் தடவினாள்.

“கோவிச்சுக்க மாட்டீங்களே மிஸ்?”

“சொல்லுடி.”

“நீங்க சொல்ற ஒவ்வொண்ணும் ரெண்டு ரெண்டு தடவை கேட்டுச்சு மிஸ். கணக்கே ஓடல. அதனால முதல் கணக்குலயே இங்க சவுண்டை ஆஃப் பண்ணிட்டேன்.”

டீச்சர் திரையை ஒரு தரம், சோப்புப் பெட்டியை ஒரு தரம் பார்த்தார்.

“ஆஃப் பண்ணிட்டியா? அப்புறம் முப்பது கணக்கும் எப்படிடி காதுல விழுந்துச்சு?”

“ஸ்கூலுக்குப் பின்தெருதானே மிஸ் எங்க வீடு.”