செத்த எலி

பேச்சியம்மாளுக்கு அழுகையே வந்துவிட்டது. பெண் பார்க்க வருகிறவர்கள் தெருமுனைக்கு வந்தாயிற்று; மகள் சங்கரேஸ்வரியின் ஹாக்கிப் பையோ இன்னமும் வீட்டை நாறடித்துக்கொண்டிருந்தது. கால் பேடுகள் சோப்பு நுரைக்கும் வெயிலுக்கும் ஒருவழியாக அடங்கிவிட்டன. கோல் கீப்பர் கையுறைகள்தான் வினிகருக்குக்கூட மசியவில்லை. சாம்பிராணி போட்டதில் நாற்றத்துக்குப் பக்தி வந்ததுதான் மிச்சம்.

"தூக்கி எறிடி அந்தச் சனியன!"

"நாளைக்கு செமி பைனல்மா. கோலுக்கு நீ நிக்கிறியா?"

பேச்சியம்மாள் கையுறைகளைப் பிடுங்கிக் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள். அதற்குள் மாப்பிள்ளையின் அம்மா படியேறி வந்து, வாசலிலேயே நின்று மோந்து பார்த்தாள்.

"எங்கயோ எலி செத்துக் கெடக்கு மதினி," என்று இளித்தாள் பேச்சியம்மாள்.

"எலியா?"

அந்த அம்மாள் மோப்பம் பிடித்தபடி நேரே கட்டிலுக்குப் போனாள், குனிந்தாள், ஒரு கையுறையை இழுத்தெடுத்தாள். பட்டுப்புடவையோடு தரையிலேயே உட்கார்ந்து அதற்குள் கையை நுழைத்தாள். பழகிய கையாய் விரல்களை விரித்தாள், மூடினாள், மறுபடி விரித்தாள்.

"காப்பி ஆறுது மதினி..."

"ஆறட்டும்." கையை வெளியே எடுக்காமலே அவள் சங்கரேஸ்வரியைப் பார்த்தாள். "ஏம்மா, அடுத்த மேட்ச் எப்ப?"