வளையும் துண்டு

நாளுக்கொரு கிணறு தோண்டும் வளைகுடா எண்ணெய்க் கம்பெனிக்கு ஆள் எடுக்கும் பட்டறையில், காலை வெயில் தகரக் கூரையின் ஓட்டைகள் வழியே வட்ட வட்டமாக விழுகிறது. வெல்டர் பற்றவைத்த குழாயிலிருந்து அறுத்தெடுத்த துண்டு, பற்றவைப்பு தாங்குகிறதா என்ற சோதனைக்காக, அழுத்தும் இயந்திரத்தின் வாயில் மெல்ல வளைகிறது. போன தடவை இதே இடத்தில் ‘டிக்’கென்று ஒரு சத்தம், பற்றவைத்த இடம் விரிசல் விட்டது, கிடைக்கவிருந்த வேலையும் கைநழுவிப் போனது. இன்று அவர் துண்டைப் பார்க்கவே இல்லை. கண்ணை மூடி, காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறார். "என்ன மச்சான், சாமி கும்பிடுறீங்களா?" என்கிறான் வரிசையில் அடுத்து நிற்கும் மைத்துனன். "சும்மா இருடா, சத்தம் கேக்குதான்னு பாக்குறேன்." இயந்திரம் பெருமூச்சு விட்டு ஓய்கிறது. துண்டு லாடம் போல் வளைந்து கிடக்கிறது. சோதிப்பவர் அதன் முதுகை நகத்தால் வருடுகிறார். நகம் எங்கும் தட்டவில்லை. வெதுவெதுப்பான அந்த இரும்பை வெல்டரின் உள்ளங்கையில் வைத்துவிட்டு, "பாஸ்போர்ட் கைவசம் இருக்குல்ல?" என்று கேட்கிறார்.